கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்

15 மார்ச் 1998, ஞாயிறு

பாத்திரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இரண்டரை மாதமாக அலமாரியில் சும்மாக் கிடந்தது. இன்று பிரித்துவிட்டேன். மயிலாப்பூர் சபாவில் இன்று போட்டதுதான் வரதன் சார் குழுவில் எனக்குக் கடைசி நாடகம். அடுத்த மாதத்திலிருந்து டிவி சீரியல். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரை மணிக்கு வரப்போகும் கதையில் நான்தான் கதாநாயகி, பெயர் சியாமளா. இருபத்தேழு வயதில் கதாநாயகி ஆகிறவர்கள் குறைவு என்று தயாரிப்பு நிர்வாகி சொன்னார். பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தேன்.

நாடகத்துக்கு முன் அப்பா வழக்கம்போல் காலி அரங்கின் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இது பதினெட்டு வருஷப் பழக்கம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, சாயங்காலமானால் இந்தக் குழுவில் பிராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டும் டார்ச்சுமாக நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். யாராவது அங்கே பேச்சுக் கொடுத்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். அந்தக் கைக்கு வரதன் சாரே வாயை மூடிக்கொள்வார். எனக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. ஒத்திகை நடக்கும்போது உடுப்புப் பெட்டி மேல் படுத்துத் தூங்குவேன். ஒன்பது வயதில், நடிக்க வேண்டிய குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கி. எனக்கு எல்லார் வசனமும் மனப்பாடம் என்று அப்பாவுக்குத் தெரியும். முதுகில் கை வைத்து மேடைக்குத் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்துக்கு முன்னாலும் மேடையில் நின்று ஒரு வசனம் சொல்வேன். கடைசி நாற்காலிக்குக் கேட்டால் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவார். ஐந்து வருஷத்துக்கு முன் கண் முழுக்கப் போனது, அதோடு பிராம்ப்டர் வேலையும் போனது. கைக்குட்டை தெரிகிறதா என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, அதற்கப்புறம் ஒரே ஒரு முறை கை தட்டுவார். சபாவில் மைக் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று ஒரு தடவை கேட்டேன். "மைக் சபாக்காரன் சொத்து. தொண்டை உன் சொத்து" என்றார்.

இன்றும் தட்டினார். ஆட்டோவில் திருவல்லிக்கேணி திரும்பும்போது, "இனிமே கடைசி வரிசைன்னே ஒண்ணு கிடையாது வேதா. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் கேக்கும்" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார்.

20 ஏப்ரல்

முதல் நாள் படப்பிடிப்பு, வளசரவாக்கத்தில் ஒரு பங்களா. இங்கேயும் பிராம்ப்டர் உண்டு. உதவி டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கூச்சநாச்சமில்லாமல் உரக்கப் படிக்கிறார். அதைக் கேட்டு நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா முப்பது வருஷம் மூச்சு விடுகிற சத்தத்தில் செய்த வேலை அது.

மானம் போனதையும் எழுதிவிடுகிறேன். மாமியாராக நடிக்கும் பெரிய நடிகை பாதி வசனத்தில் நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. மறந்துவிட்டார் என்று நினைத்து, மேடைப் பழக்கத்தில், "என்ன அத்தை, மாத்திரை போட மறந்துட்டீங்களா?" என்று சொந்தமாக ஒரு வசனத்தை விட்டுச் சமாளித்தேன். கட். "அம்மா மறக்கலை மேடம், அழறாங்க" என்றார் டைரக்டர். மொத்த பங்களாவும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார்.

19 மே

இன்று நிர்வாகி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறாராம். "உங்க குரல் நல்ல குரல்தான் மேடம். ஆனா நாடகக் குரல். வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே பாக்கறவங்களுக்கு மிரட்டற மாதிரி இருக்கும். அதோட நீங்க இங்க நடிச்சிட்டிருக்கற நேரத்துலதான் அங்க டப்பிங் ஓடும்." குரல் கொடுக்கிற பெண் பெயர் ஜெசிந்தா. பெரம்பூர்.

சரி என்றேன். வரும் வழியில் பீர்க்கங்காய் வாங்கினேன், முற்றல்.

அப்பாவுக்கு டிவியில் முகம் கிடையாது. குரல் மட்டும்தான். அதுவும் என்னுடையது இல்லை என்றால் அவருக்கு அங்கே நான் இல்லவே இல்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

20 மே

சொல்லவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

31 மே

சொல்லவில்லை. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு நம் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் ஏறி இறங்கி, நாளை ஏழரைக்கு என்று எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

1 ஜூன் 1998, திங்கள்

ஒளிபரப்பு ஆரம்பம். எனக்கு ஆறு மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டில் உட்கார இடமில்லாத கூட்டம். கீழ் வீட்டு பாக்கியம் அக்கா எல்லாருக்கும் கேசரி கிளறிக் கொண்டுவந்திருந்தார். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியில்.

சியாமளா பேச ஆரம்பித்தாள். தேன் மாதிரி, இதமான குரல். குறை சொல்ல முடியாது. நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். விளம்பரம் வந்தது, போனது. மறுபடி சாய்த்துக் கேட்டார். முடிந்து, பாக்கியம் அக்கா தவிர எல்லாரும் போன பிறகு, "வேதா, அது நீயா?" என்றார்.

"நான்தான்பா. டிவி மைக்ல அப்படித்தான் கேக்கும்."

சபாவில் யாராவது ஓர் எழுத்தை விழுங்கினாலே முகம் சுளிக்கிறவர். "மைக்னா அப்படித்தான்" என்றார் கடைசியில். காது சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதை எடுத்துக்கொண்டார். பாக்கியம் அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. கேசரி மிச்சமிருந்தது, சாப்பிட்டேன்.

9 ஜூலை

காலை ஆறு மணிக்கே வண்டி வந்துவிடுகிறது. திரும்பும்போது அப்பா தூங்கிவிடுகிறார். சில ஞாயிறுகளிலும் படப்பிடிப்பு வைத்துவிடுகிறார்கள்.

2 ஆகஸ்ட்

காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "சியாமளா, உன் நாத்தனாரை நம்பாதேம்மா" என்றார். நான் நன்றி சொன்னதும் கையை விட்டார். "டிவியிலே கொஞ்சம் மென்மையாப் பேசறியேம்மா" என்றார்.

22 ஆகஸ்ட்

டைரக்டரிடம் பிடிவாதம் பிடித்து, இன்று டப்பிங் ஸ்டூடியோவில் ஒரு காட்சிக்கு நானே பேசிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். "மேடம், மைக் ஆறு இஞ்ச்லதான் இருக்கு" என்றார். நான் கடைசி நாற்காலிக்கு அல்லவா பேசினேன். மெதுவாகப் பேசினால் உதட்டோடு சேரவில்லை. என் வாய்தான், என்னாலேயே சேர்க்க முடியவில்லை. ஏழு தடவை.

ஜெசிந்தா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, முப்பதுக்குள் இருப்பாள், டிபன் பாக்ஸும் குடையுமாக. உள்ளே போய் ஒரே தடவையில் பேசிவிட்டு வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க வாய் எனக்குப் பழகிப்போச்சு. பேசறதுக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு எடுப்பீங்க. நானும் அந்த மூச்சை எடுத்துக்குவேன்" என்றாள். கோபப்பட வேண்டுமென்றுதான் போயிருந்தேன். அந்த மூச்சு அப்பா கற்றுக்கொடுத்தது.

இரண்டு மாதம் பழகினால் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள் என்றார் என்ஜினியர். பார்க்கலாம் என்றேன்.

11 அக்டோபர்

போகவில்லை. அசதி. சேனலுக்கு வருகிற கடிதங்களில் பாதி சியாமளாவின் குரலைப் புகழ்ந்துதானாம். இனி மாற்றவும் விடமாட்டார்கள். ஒரு விதத்தில் நிம்மதி.

12 நவம்பர்

காலையில் டீ வைத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா வந்தார். "உங்கப்பா டிவிகிட்டப் பேசறாரு வேதா. அது கொஞ்சம் நிறுத்துச்சுன்னா அடுத்த வசனத்தை எடுத்துக் குடுக்கறாரு. முடிஞ்சதும், சாப்டியாம்மான்னு கேக்கறாரு. நீதான் வீட்டுல இல்லியே, அவரும் யார்கிட்டதான் பேசுவாரு."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் லீவு கேட்க வேண்டும்.

4 டிசம்பர், பொள்ளாச்சி

பத்து நாள் வெளிப்புறப் படப்பிடிப்பு, இன்று ஒன்பதாவது நாள். காலையில் லாட்ஜுக்கு பாக்கியம் அக்கா போன் செய்தார். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், பக்கவாதம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்றாரு. நீ வந்துடு" என்றார். மாமியார் நடிகை கொடுத்த தேதி நாளையோடு முடிகிறது. "ரெண்டே சீன் மேடம்" என்றார் டைரக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே அக்காவும் சொன்னார்.

5 டிசம்பர்

இரண்டு காட்சியும் முடிந்தது. ஒரே டேக்கில் அழுதேன். கை தட்டினார்கள். கோயம்புத்தூரில் ரயில் ஏறிவிட்டேன்.

6 டிசம்பர் 1998, ஞாயிறு

வார்டில் பதினேழாம் எண் கட்டில். வலது கை அசைவில்லை. மூன்று நாள் தாடி. காதுக்குப் பக்கத்தில் குனிந்து "அப்பா" என்றேன்.

"யாரும்மா?" என்றார்.

"வேதாப்பா."

"வேதா ஷூட்டிங் போயிருக்கா" என்றார். வெளியாளிடம் சொல்கிற மரியாதையோடு, பெருமையோடு சொன்னார்.

மூளையில் ரத்தம் கட்டியதால் நினைவுகள் கலைந்திருக்கும், கடைசியாக அடிக்கடி கேட்டது மட்டும் தங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். போகப் போகத் தெரியும் என்றார்.

7 டிசம்பர்

வார்டு நடைக்கோடியில் ஒரு டிவி உண்டு. ஏழரைக்கு சியாமளா பேசினாள். அப்பா தலையைத் திருப்பினார். "வேதா வந்துட்டா" என்றார். அவர் நெற்றியில் என் கை இருந்தது. எடுக்கவில்லை. அங்கேயே நின்று அந்தக் குரலை முழுக்கக் கேட்டேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

16 டிசம்பர்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். படுக்கை விரிப்பு நான்கு, ரப்பர் ஷீட், கஞ்சிக்கு நொய். என்னை "சிஸ்டர்" என்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. "நான் வேதா" என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பழைய நாடக வசனங்களையெல்லாம் சொல்லிக் காட்டினேன். "நல்லாச் சொல்றீங்க சிஸ்டர்" என்றார்.

நான் ஊட்டினால் இரண்டு கரண்டிக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. ஏழரைக்கு டிவி போட்டால் கிண்ணம் முழுக்கச் சாப்பிடுகிறார்.

20 டிசம்பர், ஞாயிறு

சனி ஞாயிறு சீரியல் கிடையாது. இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும்தான். "வேதா வரட்டும், சேர்ந்து சாப்பிடறேன்."

26 டிசம்பர்

சீரியலை கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். இன்று போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "சாப்டியாம்மா?" என்றார். கேசட் நாத்தனாரோடு சண்டை போட்டது. "என்ன கோவமோ, பதில் சொல்ல மாட்டேங்கறா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கேசட்டை உடைக்கலாம் போலிருந்தது. நிறுத்தி உறையில் போட்டேன்.

29 டிசம்பர்

நிர்வாகியிடம் ஒரு மாதம் லீவு கேட்டேன். நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். "சியாமளாவை அண்ணன் வீட்டுக்கு டில்லிக்கு அனுப்பிடறோம் மேடம். ஒரு மாசம் கதையில வரமாட்டா. நீங்க அப்பாவைப் பாருங்க."

வீட்டுக்கு வந்து பாக்கியம் அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது. "அப்போ ஏழரைக்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வீட்டில் இருந்தால் அவர் மகள் டிவியில் வரமாட்டாள். போன் செய்து, லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

3 ஜனவரி 1999, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு நேற்று போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. இன்று மாதா கோயில் பூசை முடிந்து நேரே வந்தாள், அதே குடையோடு. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "பாவம் மேடம் இது. ஒரு அப்பாகிட்ட எப்படி நான்..."

"ரெண்டு நாளா சாப்பிடலை" என்றேன்.

கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேசுமுன் லேசாக ஒரு மூச்சு எடுத்தாள். "அப்பா, வேதா வந்திருக்கேன்ப்பா."

அப்பாவின் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை முடிஞ்சுதா? சாப்டியா?" என்றார். அவள் ஊட்டினாள். ரசம் சாதம், முழுக் கிண்ணம். நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன். என் வீட்டில் எனக்கு நிற்க வேறு இடம் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் குரலைத் தணித்து அவளிடம் சொன்னார்:

"இங்க காலைல ஒரு பொண்ணு வருது வேதா. முகம் தொடச்சு விடுது, துணி மாத்துது. நர்ஸு. என்ன குரல் தெரியுமா? அடுப்படிலேர்ந்து பேசினாலும் கணீர்னு வருது. கடைசி வரிசைக்குக் கேக்கும். ஆஸ்பத்திரில வீணாப் போறா பாவம். வரதன்கிட்ட சொல்லி நாடகத்துல சேத்து விடு. நீதான் டிவிக்குப் போயிட்டியே, அங்க இடம் காலியாத்தான் இருக்கும்."

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். வாரம் முழுக்க எத்தனையோ முகங்களுக்குச் சத்தம் போட்டு அழுகிறவள், சத்தமே வராமல் அழுதாள். "சொல்றேன்ப்பா" என்றாள்.

போகும்போது, இனி ஒவ்வொரு சனி ஞாயிறும் வருவதாகச் சொன்னாள். வரச் சொன்னேன். அவளைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன்.

14 ஜனவரி

பொங்கல். பால் பொங்கியது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். என்னைக் கேட்டால், அந்த முதல் நாள் ஒளிபரப்பில் அப்பாவிடம் பொய் சொன்னது ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் சொன்னேன்.

22 ஜனவரி 1999, வெள்ளி

படப்பிடிப்பு பங்களாவில் மின்சாரம் போய், நான்கு மணிக்கே விட்டுவிட்டார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் வீடு திரும்பினேன். அப்பாவுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலையணையை உயர்த்தி உட்கார வைத்தேன். முதுகுக்குப் பவுடர் போடும்போது கேட்டார், "உன் பேரென்னம்மா? இத்தனை நாள் கேக்கவே இல்லை பாரு."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லி வந்தது போதும் என்றிருந்தது.

"வேதவல்லி" என்றேன்.

"அட. என் பொண்ணு பேரும் அதுதான்" என்றார். அந்தப் பொருத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சுவர்க் கடிகாரம் ஏழு அடித்ததை எண்ணினார். "ஏழரைக்கு வருவா. உனக்கு அவசரமில்லைன்னா உக்காந்து கேட்டுட்டுப் போயேன். நல்லாப் பேசுவா."

"அவசரமில்லை" என்றேன்.

டிவியைப் போட்டுவிட்டு, பாயை இழுத்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். தலைப்புப் பாட்டு முடிந்தது. "அப்பா" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

வாயை மூடிக்கொண்டேன். அவள் பேச ஆரம்பித்தாள்.